பியூலாவின் சம்மதம்

பியூலாவுக்கு வீடு நாகர்கோவிலில், விமானம் ஓட்டுவது டெல்லியிலிருந்து. மாதத்தில் பாதி நாள் ஏதோ ஒரு ஊர் ஹோட்டலில்தான் தூக்கம். அவள் இல்லாதபோது வீட்டில் அவளாக இருந்து பேசுவதற்குக் விமானக் கம்பெனி ஒரு ஏ.ஐ. பதிலியைக் கொடுத்திருந்தது. ஹாலில் ஒரு ஸ்பீக்கர். அவள் குரல், அவள் பேச்சு.

மகள் ஜெனிலாவை ஊட்டி ஹாஸ்டலில் சேர்க்கலாம் என்று கணவன் செல்வின் சொன்னபோது, "வந்து பேசிக்கிடுவோம்" என்று கிளம்பியிருந்தாள். போன ஊரிலெல்லாம் அந்தச் சண்டைக்கான வார்த்தைகளை மனதில் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தால், ஜெனிலா சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?"

"உன்னைக் கேட்டுத்தான்," என்றான் செல்வின். "ரெண்டு நாள் சண்டை போட்ட. அழுத. கடைசியில சரின்னுட்ட."

"அது நான் இல்ல."

"உன்னை மாதிரியேதான் கத்துச்சு."

ஜெனிலா நிமிராமலே சொன்னாள். "'நான் என்ன வீட்லயா இருக்கப்போறேன், அங்கன்னா உனக்குக் கூட்டுக்கு நாலு பிள்ளைங்களாவது இருக்கும்'னு நீதானம்மா சொன்ன."

பியூலா பலமுறை நினைத்து, யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து, சூட்கேஸிலிருந்த துணிகளை வெளியே எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

"பியூலா," என்று செல்வின் அலுப்போடு கூப்பிட்டான்.

அவள் திரும்பினாள். அவன் ஸ்பீக்கரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"நீயாவது இவகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."