கைப்பிடி இறுகும் வரை

"துளை மட்டும் போட்டுடாதீங்க. சுவருக்குள்ள தண்ணிக் குழாய் ஓடுது. என்ன பசையோ, ஒட்டித்தான் ஆகணும்" என்றான் மகன், குளியலறை வாசலில் நின்றுகொண்டு. காதில் போன், காலடியில் பாதி மூடிய சூட்கேஸ்.

"ஒட்டிடலாம் சார்" என்றார் பசைக்காரர். கடைத்தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பெயரில் என்ன இருக்கிறது? விரலெல்லாம் பசை, பையில்தான் பசை இருந்ததே இல்லை.

மகன் நாளை மறுநாள் வெளிநாடு போகிறான். மனைவியும் பிள்ளைகளும் முன்பே போய்விட்டார்கள். இனி இந்த வீட்டில் அம்மா மட்டும்தான். போன மாதம் ஒரு தடவை வழுக்கிவிட்டது. நல்ல வேளை, அடி படவில்லை. அதனால்தான் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி. அது நின்றால்தான் அவன் நிம்மதியாக விமானம் ஏற முடியும்.

அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பசைக்காரர் டைல்ஸின் ஈரத்தைத் துடைத்து, வழவழப்புப் போக உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு டியூபிலிருந்தும் சரிபாதி பிதுக்கிக் குழைத்தார்.

"பசைன்னா எல்லாம் ஒண்ணுதானே தம்பி? எம்பேத்தி படம் ஒட்டுற கம்மு மிச்சம் கிடக்கு, தரட்டுமா?"

"நல்லா இருக்கே கதை! அது காகிதத்துக்கும்மா. மரத்துக்கு வெள்ளைப் பசை, கண்ணாடிக்கு சிலிக்கான், செருப்புக்கு ரப்பர் சொல்யூஷன். இது கல்லையும் இரும்பையும் சேர்க்கிறது. இறுகிட்டா யானை வந்து இழுத்தாலும் அசையாது."

"இறுகாட்டி?"

"அப்ப வெறும் வெண்ணெய்தான். நாளைச் சாயந்தரம் வரைக்கும் விரல்கூடப் படக் கூடாது."

"அடேயப்பா, அவ்வளவு நேரமா! அதுக்குள்ள யாராவது பிடிச்சா?"

"கையோட வந்துடும். அஞ்சு நிமிஷத்துல இறுகுறதும் பெட்டியில இருக்கு. ஆனா அவசரப் பசை, தண்ணி பட்டுப் பட்டுச் சீக்கிரமே விட்டுடும். உங்களுக்கு இன்னும் பல வருஷம் நிக்க வேணாமா?"

"பல வருஷமா!" என்று சிரித்தாள் அம்மா. "நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

கிளம்பும்போது பசைக்காரர் மகனைக் கூப்பிட்டு மறுபடியும் சொன்னார். "நாளைச் சாயந்தரம் வரைக்கும் அம்மா அடுத்த ரூம் பாத்ரூமுக்கே போகட்டும் சார்."

"சரி, சரி" என்றான் அவன். அந்தப் போனை எந்தப் பசை போட்டு அவன் காதில் ஒட்டினார்களோ, அதைக் கடைசிவரை எடுக்கவே இல்லை.

அன்றிரவு பசைக்காரர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்த நேரத்தில் மகனிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்னய்யா ஒட்டிட்டுப் போன? பிடி கையோட பெயர்ந்து வந்து, அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு!"

பசைக்காரர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"நீங்கதான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்தீங்களே, அப்புறம் என்ன?" என்றாள் மனைவி.

"சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த அவசரப் பசையைப் போட்டுட்டு வந்திருந்தா அந்தம்மா இன்னிக்கு விழுந்திருக்க மாட்டாங்க. பெரிய மேதாவி மாதிரி பல வருஷம் நிக்கணும்னு வியாக்கியானம் பண்ணினேன் பாரு, என் வாயில மண்ணைப் போட!"

அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. தன் கையாலேயே ஒரு தாயை முடக்கிப் போட்டுவிட்டோமே என்று புரண்டு புரண்டு படுத்தார்.

விடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடினார். மகன் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. திட்டித் தீர்ப்பான் என்று பார்த்தால், அவனுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

"உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது? நாளைக்கு நான் போயே ஆகணும். திங்கட்கிழமை சேரலைன்னா வேலை கையைவிட்டுப் போயிடும். அங்க பொண்டாட்டி புள்ளைங்க என்னை நம்பி உக்காந்திருக்காங்க." கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டான். "இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு அம்மாவை இனி வீட்ல தனியா விட முடியாது. ஒரு முதியோர் இல்லத்துல பேசி முடிச்சிட்டேன். இங்கேருந்து நேரா அங்கதான். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. சொல்ல வாய் வரமாட்டேங்குது."

பசைக்காரர் உள்ளே போனார்.

அம்மா கட்டிலில் அசையாமல் கிடந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. அவரைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கி அருகே கூப்பிட்டாள்.

"எல்லாம் என் தப்புதாம்மா. பாவி, நான்..." கையெடுத்துக் கும்பிட்டபடி அழுதுவிட்டார்.

"ஐயோ, அழாதீங்க தம்பி." அம்மா வாசல் பக்கம் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பழி உங்க மேல விழுந்துடுச்சேன்னுதான் எனக்கு வருத்தம். ஒரு நாள் போனா அது இறுகிடும்னு சொன்னீங்கல்ல? அதான் நேத்தே ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கினேன். இனிமே எம்புள்ள என்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டான்."