சத்தமில்லாத கடை

"உட்காருங்கம்மா. இது தூங்குத நேரம். இப்ப எழுப்புனா எங்க வீட்டுக்காரி என்னைய வைவா. மாடியில இருக்கா, இறங்கி வந்ததும் அவகிட்டயே கேட்டுக்கிடுங்க" என்று ஜேசுதாசன் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

லிண்டா உட்காரவில்லை. அவள் கையில், பொடியாக நறுக்கி வேகவைத்த கேரட் நிறைந்த சின்ன டப்பா இருந்தது. மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஆபீஸிலிருந்து அவள் ஓடி வந்ததே, அதைக் கொடுத்துவிட்டு ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான்.

வாசல் பலகையில் கொழுத்த முயல் ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த முயல்களுக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. காலையில் வந்தபோது அவசரத்தில் வெளியிலேயே திரும்பிவிட்டதால், கடையின் லட்சணத்தை லிண்டா இப்போதுதான் பார்க்கிறாள்.

ஒரு கோழிக்குப் போதாத கம்பிக்கூண்டில், முயல்கள் ஒன்றின் முதுகில் ஒன்றாகக் கிடந்தன. ஊறுகாய் பாட்டிலில் திரும்ப வழியில்லாமல் ஒரு ஃபைட்டர் மீன். செருப்புப் பெட்டிக்குள் ரோஸ் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகள். பாளையங்கோட்டை வெயிலில் வாசல் ஷட்டர் தகித்தது. கடையில் இருந்த ஒரே ஃபேன் கல்லாவைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஃபேன் உங்களுக்கு மட்டும்தானா?"

"நான் நாள் பூரா பேசுத ஆளுல்லா, வேர்க்கும். அதுக என்ன பேசவா செய்யுது?"

"தண்ணிக் கிண்ணம் காஞ்சு கிடக்கே?"

"தண்ணி வச்சா மூத்திரம் போவும். மூத்திரம் போனா நாறும். கடைக்கு வாரவுக மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிர மாட்டாகளா?"

"இப்ப மட்டும் சந்தனமா மணக்குது!"

ஜேசுதாசன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். சிரித்தபடி ஓர் ஊதுபத்தியையும் கொளுத்தி வைத்தார்.

லிண்டா அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டை, பவுடர் பூசிய முகம், சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்ட தங்கச் சங்கிலி. தன்னை மட்டும் எவ்வளவு அழகாகத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார்!

கூண்டின் மூலையில், மற்றவற்றுக்கு அடியில் ஒரு சாம்பல் நிறக் குட்டி நசுங்கிக் கிடந்தது. கண் இரண்டிலும் பூளை கட்டியிருந்தது.

"அந்தச் சாம்பல் குட்டிக்காவது தண்ணி வையுங்க அண்ணாச்சி. விட்டா செத்துரும்."

"சவம், நேத்துல இருந்து ஒரே கீச்சு கீச்சுன்னு உயிர வாங்கிச்சு. இப்பத்தான் தூங்குது. ஒண்ணுக்கு வச்சா எல்லாத்துக்கும் வைக்கணும்லா?"

லிண்டா தன் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அவர் குறுக்கே கையை நீட்டினார்.

"சும்மா இருங்கம்மா, முழிச்சிரும்."

"இத்தனை உயிரு கிடக்கு. ஒரு சத்தத்தக் காணோமே?"

ஜேசுதாசனின் முகம் மலர்ந்தது. "அதான் நம்ம கடை! மத்த கடையில போய்ப் பாருங்க, காதைப் பிய்க்கும். இங்க எது கத்துனாலும் முதல்ல துணியப் போட்டு மூடிருவோம். இருட்டக் கண்டா அடங்கிரும். அதுக்கும் அடங்காத மூதிகளுக்கு ரெண்டு சொட்டு மருந்து."

"என்ன மருந்து?"

"பயப்படாதீங்க, சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்குத சளி மருந்துதான். எல்லாம் எங்க வீட்டுக்காரி அந்தோணியம்மா கண்டுபிடிப்பு. அவ கைக்குப் போயிட்டா எதுவும் மூச்சு விடாது!"

"நீங்கல்லாம் மனுசங்கதானா?"

அவர் தடுப்பதற்குள் லிண்டா கூண்டின் கொக்கியை நீக்கிக் கையை உள்ளே விட்டாள். மேலே கிடந்தவற்றைப் பைய விலக்கி, சாம்பல் குட்டியை வெளியே எடுத்தாள். அதன் தலை அவள் விரல்களுக்கு வெளியே தொங்கியது. உடம்பில் அசைவே இல்லை.

"இது தூங்கல, அண்ணாச்சி."

ஜேசுதாசன் குனிந்து பார்த்தார். அதன் காதைப் பிடித்து வாங்கி, இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"அடடே, இதுக்குக் கூடிப்போச்சு போல. படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், அளந்து ஊத்துட்டின்னு. கேக்க மாட்டா. அவளுக்கு எல்லாத்துக்கும் கண்ணளவுதான்."

குட்டியைக் குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டு, கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். "இதுக்குப் போயி முகத்தச் சுண்டிக்கிட்டு நிக்கீங்களே! புதுக் குட்டிக வியாழக்கிழமை வந்து இறங்கிரும்" என்று தேற்ற வேறு செய்தார்.

லிண்டாவின் காதில் அது ஏறவில்லை. அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மாடியிலும் ஒரு சத்தம் இல்லை.

அடுத்த நொடி வெளியே பாய்ந்து, கடையின் பக்கவாட்டில் இருந்த படிகளில் ஏறினாள். "யம்மா, அங்க இப்பப் போகக் கூடாது!" என்று ஜேசுதாசன் பின்னாலேயே கத்தினார்.

மாடியில், குழந்தைகள் காப்பகத்தின் சாத்தியிருந்த கதவுக்கு வெளியே குட்டிக் குட்டிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. லிண்டா இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள்.

"அக்கா, எம்பிள்ளைய எழுப்புங்க!"