கோட்டிங் ரூம் மொட்டைகள்

கோட்டிங் ரூம் ஆட்கள் ஐந்து பேரும் திங்கட்கிழமை காலை மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்து நின்றார்கள்.

முன்னால் ஃபோர்மேன். பின்னால் நான்கு பேர். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு வடிவம். அதில் ஒருவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவன் மட்டும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

லேப் மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திமிர் என்று முடிவு கட்டினாள். வேறென்ன?

விஷயம் இதுதான். அங்கே அச்சகங்களுக்குப் பிளேட் செய்கிறார்கள். அலுமினியத் தகட்டின்மேல், வெளிச்சம் பட்டால் மாறுகிற மருந்தை மெல்லிசாகப் பூசி, காயவைத்து, கறுப்புத் தாளில் சுற்றி அனுப்புவார்கள். பூசுகிற இடம்தான் கோட்டிங் ரூம். உள்ளே மஞ்சள் விளக்கு மட்டும். தூசி கூடாது, பவுடர் கூடாது. முடி கூடவே கூடாது. ஈரப் பூச்சில் ஒரு முடி விழுந்தால் அதுவும் படத்தோடு படமாக அச்சாகிவிடும்.

ஆகிவிட்டது. சோப்பு விளம்பரத்தில் சிரிக்கிற கைக்குழந்தைக்கு மீசை. அதுவும் ஒரு பக்கம் மட்டும், முறுக்கிவிட்ட மாதிரி. நாற்பதாயிரம் தாள் ஓடிய பிறகுதான் கவனித்தார்களாம்.

அச்சகக்காரர் தாளைச் சுருட்டிக்கொண்டு, பிளேட்டையும் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அவர் போனதும் மேனேஜர் ஃபோர்மேனைக் கூப்பிட்டார். தொப்பியை ஒழுங்காகப் போடத் தெரியாதவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்று ஆரம்பித்து, இருபத்திரண்டு வருஷ சர்வீஸையும் கிழித்துத் தோரணம் கட்டினார். இன்னொரு முடி வந்தால் ஃபோர்மேன் வீட்டுக்குப் போகலாம். வந்ததா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியது லேப் மேடம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். கறார்.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை ஐந்து மொட்டை.

"என்னய்யா இது, கிண்டலா?" என்றார் மேனேஜர்.

"முடி விழக் கூடாதுன்னு சொன்னீங்க சார். இனி விழறதுக்கு எதுவும் இல்ல."

மேனேஜர் முகம் சிவந்தது. நேராக உள்ளே போய் மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மூன்று நாள் அதே காவல். போகிற தகட்டையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார்.

புதன்கிழமை மதியம் இன்னொரு முடி வந்தது.

லேப் மேடம் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கறுப்பு. நாலு அங்குலம். ஐந்து பேரும் மொட்டை. அப்புறம் யாருடையது? போய் ஐந்து பேர் புருவத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். எந்தப் புருவமும் நாலு அங்குலம் இல்லை.

ரிப்போர்ட் ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். போனால் ஃபோர்மேனும் போவார்.

நாலரைக்கு அவரே லேபுக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

வாங்கிப் படித்தாள். இனிமேல் கோட்டிங் ரூமுக்குள் போகிற ஆண்கள் யாராக இருந்தாலும் தலையை முழுக்க மழித்திருக்க வேண்டும், மேனேஜரும் இதில் அடக்கம், லேப் சிபாரிசு செய்கிறது என்று இருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பழி வாங்குகிறார். மேனேஜருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு நரை கிடையாது. பக்க வகிடு கோடு போட்டது போல இருக்கும். ஃபேன் காற்றில்கூட ஒரு முடி கலையாது. அதன்மேல்தான் இவருக்குக் கண்.

"திட்டினார்ங்கறதுக்காக இப்படியா அண்ணா? அவரோட முடியே விழுந்திருக்கட்டும். தொப்பி போடச் சொன்னாப் போதாதா? அந்த வயசுல அப்படி முடி யாருக்கு இருக்கு?"

ஃபோர்மேன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருக்கும் இல்லம்மா. அவருக்கும் இல்ல."

அவள் விழித்தாள்.

"பிளேட்ல ஒட்டியிருந்ததைப் போன வாரம் பிரிச்செடுத்து, டீக்கடையில தீக்குச்சி காட்டிப் பார்த்தேன். முடின்னா கருகும். இது உருகிச்சு. நைலான். நீங்க இவ்வளவு பெரிய மைக்ராஸ்கோப்பை வெச்சுக்கிட்டு, கறுப்பு, நாலு அங்குலம்னு எழுதியிருக்கீங்க."

லேப் மேடம் ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"தொப்பி போட்டா, கழட்டும்போது அதுவும் சேர்ந்து கையோட வந்துடும்னு பயம். பாவம், மூணு வருஷமா தொப்பி போடாமலே உள்ள வர்றாரு. இப்ப அது பழசாகி உதிர ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப சனிக்கிழமையே அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே. உங்க வேலையில்ல போகப் பார்த்துது? அநியாயமா அஞ்சு பேர் மொட்டை. அதுல ஒருத்தன் மாப்பிள்ளை வேற."

ஃபோர்மேன் தன் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"அவன் சம்மதத்தோடதான்மா அடிச்சோம். அஞ்சு மொட்டை முன்னாடியே நிக்குது. ஆறாவதா அவரும் வந்து நின்னுட்டா, உங்க முடி எங்க சார்னு யாரு கேக்கப் போறாங்க?"