லிங்க்குக்கு ஒரு பெயர்

“குழுவோட லிங்க் இப்படியா இருக்கும் மாமா? இருபத்திரண்டு எழுத்து, நடுவுல நம்பர் வேற. யாருக்கு ஞாபகம் இருக்கும்?” என்றான் மச்சினன், மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி.

“அதுக்குப் பதிலா சின்னதா ஒரு பேர் வைக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நேத்து ஒருத்தருக்குப் போன்ல சொன்னேன். மூணு தடவை தப்பா அடிச்சுட்டு வேண்டாம்னு விட்டுட்டார். வீட்ல ரெண்டு குழந்தைங்க. நாலு நாளா ரொட்டிதான். அவர் எப்படியாவது உள்ளே வரணும்.”

“பொண்டாட்டி ஊர்ல இருந்து வந்தா சரியாயிடும் விடுங்க. ஆம்பளைங்க சமையல் குழு... ‘சமையல் சக்கரவர்த்திகள்’னு வெச்சிடலாமா?”

“நீளம். அதோட, எங்கள்ல பாதிப் பேர் வெந்நீரையே அடிபிடிக்க வைப்போம்.”

“அப்போ ‘கருகல்’னு வைங்க. சின்னதா இருக்கு, தலைவருக்கும் பொருத்தம்!”

மாமா லேசாகச் சிரித்தார்.

“‘உப்பு எவ்வளவு’ன்னு வை. வர்றவங்க எல்லாரும் முதல்ல கேட்கிறது அதைத்தான். ஒரு தடவை காதுல விழுந்தா மறக்காது.”

மச்சினன் தட்டிப் பார்த்தான். அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்திருக்கவில்லை.

“கிடைச்சிடுச்சு மாமா! யார் சேரலாம்னு ஒரு வரி போடணும். சொல்லுங்க.”

“மனைவியை இழந்தவங்க.”

மச்சினனின் விரல்கள் நின்றுவிட்டன. அக்கா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த வரியை மெதுவாக அடித்து முடித்தான்.

“நேத்து பேசினவர் நம்பரைக் குடுங்க. நானே கூப்பிட்டுச் சொல்றேன்.”

எண்ணை வாங்கிக்கொண்டவன் தயங்கினான்.

“அக்கா உப்பு எவ்வளவு போடுவா மாமா?”

“தெரியலடா. நான் கேட்டதே இல்ல.”