ஐந்தாம் நாற்காலி

"என் பொணத்தைத் தாண்டித்தான் இது வெளியே போகணும்!"

மிஸ் ரேவன்ஷா ஒரு நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்தாள். இரண்டையும் பிடித்தாயிற்று.

பாதிரியார் ஹெதர்லிக்குத் தலை சுற்றியது. தேவாலயக் கூரை ஒழுகுகிறது. கிறிஸ்துமஸுக்குள் சரிசெய்யாவிட்டால் இழுத்துப் பூட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. விற்றால் காசாகக்கூடியது இந்த இரண்டு நாற்காலிகள்தான்.

"மேடம், கூரை..."

"கூரையாம் கூரை! இதைச் செஞ்சது யாரு தெரியுமா? என் கொள்ளுத்தாத்தா ஈனக் ரேவன்ஷா! சாய்மானத்தைப் பாருங்க. மரத்துக்குள்ள மரத்தைப் பதிச்சுக் கிளிஞ்சல் உருவம் பண்ணியிருக்காரு. இந்த வேலையிலயே கண்ணு போச்சு அந்த மனுஷனுக்கு. அதைப் போய் லண்டன்காரனுக்கு விக்கறீங்களே, வெட்கமாயில்ல?"

"அதானே!" என்றது பின்னால் நின்ற கூட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எட்டிக்கூடப் பார்க்காத முகங்கள்! பாதிரியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஊரைப் பகைத்துக்கொண்டு என்ன செய்வது? 'சரி, விற்கவில்லை' என்று சொல்ல வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, நாற்காலிகளை வாங்க வந்த லண்டன் வியாபாரி டன்ஸ்டன், தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். உள்சட்டத்தில் உளியால் கீறிய எண் தெரிந்தது.

"இது ஆறு. அப்ப மேடம் உட்கார்ந்திருக்கறது அஞ்சு. மெத்தை மாறிடக் கூடாதுன்னு அந்தக் கால ஆசாரிங்க இப்படி நம்பர் போடுவாங்க. ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் என் கடையில இருக்கு. போன வருஷம் இதே ஊர்லதான் வாங்கினேன்."

கூட்டம் கொதித்தது.

"எந்த வெட்கங்கெட்ட ஜென்மம் வித்தது? பேரைச் சொல்லுய்யா!"

"வித்தவங்க பேரைச் சொல்றது தொழில் தர்மம் இல்லீங்க."

"விடாதீங்க மேடம்! நீங்க கேளுங்க!"

மிஸ் ரேவன்ஷா மெல்ல எழுந்து கைப்பையைத் தேடினாள்.

டன்ஸ்டன் குனிந்து எடுத்துக் கொடுத்தார். காதோடு காதாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பழைய தேவாலயத்தில் ஊசி விழுந்தாலும் ஊருக்கே கேட்கும்.

"மேடம், போன தடவை உங்க வீட்டுல நிறுத்தச் சொன்ன மாதிரி, இங்கேயும் வண்டியைப் பின்வாசல்லதான் நிறுத்தணுமா?"