நடிகையின் குரு

படம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நடித்து, நடிகை விருது வாங்கிவிட்டாள். மறுநாளே பேட்டிக்கு வந்த நிருபரை அவளுடைய கணவர் வரவேற்றார். அவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர்.

"வாங்க தம்பி. இப்படி வெளிச்சத்துல உக்காருங்க."

"சார், மேடத்துக்குக் கண்ணால பேசக் கத்துக்குடுத்ததே நான்தான்னு டைரக்டர் சொல்றாரே?"

"புளுகு! அவளுக்கு குரு நான்தான். அப்படியே போடுங்க."

நிருபர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு, "உங்களுக்கு நடிக்கத் தெரியுமா?" என்றார்.

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது.

அதற்குள் கணவருக்குப் பின்னால் வந்து நின்ற நடிகை சொன்னாள்: "அவர் சொல்றது சத்தியம் தம்பி. நாடகத்துல நான் பேசினா, கடைசி வரிசையில தூங்கறவன் எழுந்து மன்னிப்புக் கேப்பான். சீரியல்ல அழுதா, அணைச்சு வச்ச டிவியிலயும் கேக்கும். வீட்டுல சண்டை போட்டா, தெருவே சமாதானத்துக்கு வரும். இந்த மனுஷன் மட்டும் நிம்மதியாக் கடிகாரம் துடைச்சிட்டிருப்பார்."

"அவ்வளவு பொறுமையாம்மா?"

"பொறுமையாவது! கல்யாணத்துக்கு முன்னாடியே அவருக்குக் காது கேக்காது. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். ஆத்திரத்துல நான் பேசற வேகத்துக்கு அதுவும் முடியல. அப்புறம்தான் கண்ணைப் பழக்கினேன். இருபது வருஷ ஒத்திகை!"

அவள் முன்னால் வந்து ஒரு புருவத்தை லேசாக உயர்த்தினாள்.

கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா, நான்தான் குருன்னு அவளே சொல்லிட்டா! சரிம்மா, காபி போடறேன். போன தடவை பால் பொங்கினதை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக் காட்டுவே?"