கல்யாண விலை

“தாலி ஏறுனா என் கை கூடை வரைக்கும் எட்டாதா சார்?” தவமணி கத்தினாள்.

“ஆட்டக்காரங்களுக்கு விலை போடுற மெஷின் அப்படித்தாம்மா சொல்லுது. கல்யாணமான பொம்பளைக்குப் பாதிச் சம்பளம்.” ஆணும் பெண்ணும் சேர்ந்தாடும் திண்டுக்கல் கூடைப்பந்து அணியின் மேலாளர் கோதண்டமும் விடவில்லை. “எங்கிட்ட மிச்சம் எழுபது லட்சம். உனக்கு நாப்பது, அழகுராசுக்கு நாப்பது. எப்படியும் கட்டிக்கப் போறவங்கதானே? அஞ்சு மணிக்கு ஆளெடுப்பு முடியுது. அதுக்குள்ள கட்டிக்கிட்டா ரெண்டு பேரும் இங்கேயே ஆடலாம். இல்லேன்னா ஆளுக்கொரு ஊரு.”

ஆளுக்கொரு ஊர் என்றதும் அழகுராசுவை இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள். கோதண்டமே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

நாலே முக்காலுக்கு இயந்திரம் புது விலையைக் காட்டியது. தவமணி இருபதுக்கு இறங்கியிருந்தாள். அழகுராசு எழுபதுக்கு ஏறியிருந்தான். பொறுப்பான குடும்பஸ்தனாம்.

“ஆம்பளைக்கு ஏறும்னு எவனும் சொல்லலையே!” கோதண்டம் தலையில் கைவைத்தார்.

“உங்க மெஷினை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க சார்,” என்றாள் தவமணி.

ஐந்து மணிக்கு, மலிவாகக் கிடைத்தவளை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையைச் சென்னை அணி அள்ளிக்கொண்டு போய்விட்டது. தவமணி இங்கேயே தனியாகக் குடியிருக்கிறாள்; பாதிச் சம்பளத்துக்கு ஒரு பந்தையும் தவறவிடாமல் கூடையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.